டாக்டர் வீட்டுக் கிடா

"ஒரே ஒரு ஊசி போடுங்க டாக்டரம்மா. நாங்க பாட்டுக்குப் போயிருவோம்," என்றார் விருமாண்டி. இது ஐந்தாவது தடவை.

"போட மாட்டேன்," என்றாள் டாக்டர் அனந்தலக்ஷ்மி. இதுவும் ஐந்தாவது தடவைதான்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மதுரை கே.கே. நகருக்கு வந்திருந்தார் விருமாண்டி. மடியில் ஐந்து வயது மகன் முத்திருளன், பக்கத்தில் மனைவி ஒச்சாயி. பையனுக்கு ஆறு மாதமாக இளைப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கே.கே. நகரில் ஊசியே போடாத டாக்டர் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ கேலியாகச் சொல்லப்போக, இவர் அதை ஏதோ விசேஷம் என்று நம்பி வந்துவிட்டார்.

அந்தக் கேலி அனந்தலக்ஷ்மிக்குப் பழகிப்போனது. 'குழந்தைகள் அலர்ஜி சிறப்பு மருத்துவர்' என்று அவள் தன் வாடகை வீட்டு வாசலிலேயே போர்டு மாட்டியது எண்பத்தொன்றாம் வருஷம். அதைப் படித்துவிட்டு, அலர்ஜி என்பது உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. உள்ளே வந்தவர்களிடம் நாற்பது கேள்வி கேட்பாள். என்ன தின்றான், எதில் படுத்தான், தலையணையில் என்ன பஞ்சு. போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேட்கமாட்டார்கள் என்று முணுமுணுத்தபடி பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டுமே என்பாள் அவள். மூச்சு முட்டுகிற குழந்தைக்கு அவளே ஓடிவந்து ஊசி போடுவாள். முட்டாத குழந்தைக்கு, ஏன் முட்டுகிறது என்று கண்டுபிடிக்காமல் ஊசியைத் தொடமாட்டாள்.

அவளால் குணமான குழந்தைகள் இல்லாமல் இல்லை. ஒரு தாய், வீடு மாறியதால் சரியானது என்றாள். இன்னொருத்தி அழகர்கோவிலுக்குப் போய் வந்ததால் என்றாள். பேங்கில் வேலை பார்க்கும் கணவன் பட்டாபிராமனுக்குப் பொறுக்கவில்லை. கப்பலூரில் ஒரு தொழிற்சாலை டிஸ்பென்சரியில் அவளுக்கு வேலை பேசி வைத்துவிட்டான். "ஆடி முடியறதுக்குள்ள ஒரே ஒரு குழந்தையோட அப்பா, நாலு பேர் முன்னாடி, டாக்டராலதான் சரியாச்சுன்னு சொல்லட்டும். இல்லேன்னா போர்டைக் கழட்டிடு," என்றான்.

"சொல்ல வைக்கறேன்," என்று அவளும் சொல்லிவிட்டாள். இப்போது ஆனி மாதக் கடைசி. எதிரே உட்கார்ந்திருந்தவர் விருமாண்டி.

முத்திருளன் கையில் வரிசையாகச் சொட்டு மருந்து விட்டு, ஊசி முனையால் லேசாகக் கீறினாள். அதுவாவது ஊசிதானே என்று விருமாண்டிக்குக் கொஞ்சம் ஆறுதல். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு சொட்டு இருந்த இடம் மட்டும் நாலணா அகலத்துக்கு வீங்கியது. அது ஆட்டு முடிக்கான சொட்டு.

"வீட்ல ஆடு இருக்கா?"

"ஆடு இல்லீங்க. சாமி கெடாதேன் இருக்கு," என்றாள் ஒச்சாயி.

"எங்க கட்டுவீங்க?"

"வெளிய கட்டுறதெல்லாம் இல்ல தாயி. இவன் பாயிலதேன் படுத்துக்கிரும்."

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. முதலில் பையனுக்கு வெறும் சளிதான். அது போக வேண்டும் என்று கருப்புசாமிக்குக் கிடா நேர்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் இளைப்பு வந்தது. இளைப்பு கூடக் கூட, கிடாவை இன்னும் பக்கத்தில் படுக்க வைத்தார்கள்.

"கெடாவை வெளிய அனுப்பினாத்தான் நோய் போகும்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

"நோய் போனாத்தேன் கெடாவை அவுக்க முடியும். அதுக்கு முன்னாடி நோயாளி வீட்டு வாசலைத் தாண்டுச்சுன்னா தெய்வக் குத்தமாயிரும்," என்றார் விருமாண்டி.

சரி, வாசலைத் தாண்ட வேண்டாம், வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டத்தில் கட்டுங்கள் என்றாள். கட்டினார்கள். கிடாவைப் பிரிந்திருக்க மாட்டாமல் பையன் கொட்டத்துக்குப் போய் அதைக் கட்டிக்கொண்டு தூங்கினான். இளைப்பு இரட்டிப்பானது. அடுத்து, பங்காளி பேயாண்டி வீடும் உங்கள் வீடு மாதிரிதானே, அங்கே விடுங்கள் என்றாள். விட்ட மூன்றாம் நாள் பேயாண்டியின் கிணற்று மோட்டார் புகைந்துபோனது. அவர் மாலை மரியாதையோடு கிடாவைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார். அன்றைக்குப் பையனுக்கு நிஜமாகவே மூச்சு முட்டி, அனந்தலக்ஷ்மி தன் கையாலேயே ஊசி போட வேண்டியதாயிற்று.

"இதை முதல்லயே போட்டிருக்கலாம்ல," என்றார் விருமாண்டி.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கெடாவை இங்க கொண்டாங்க. என் வீட்ல இருக்கட்டும்."

விருமாண்டி யோசித்தார். "நேர்ச்சையை நீங்க ஏத்துக்கிட்டா சாமி ஒத்துக்கிரும். ஆனா அதோட நல்லது கெட்டது அம்புட்டும் உங்களைத்தேன் சேரும். பாத்துக்கங்க."

"அம்புட்டையும் ஏத்துக்கறேன்," என்றாள்.

ஆடி பிறந்த மறுநாள் கிடா கே.கே. நகரில் குடியேறியது. கறுகறுவென்று, நல்ல கொம்போடு, வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை தோரணையில் நடந்தது. முதல் நாள் வீட்டுக்காரர் நல்லகாமனின் குரோட்டன்ஸ் செடிகளைத் தின்றது. இரண்டாம் நாள் பட்டாபிராமனின் ஸ்கூட்டர் சீட். மூன்றாம் நாள் நாற்பது கேள்விகளுக்கும் பதில் எழுதி வைத்திருந்த நோட்டு.

குடும்பத்துக்குத்தான் வீடு விட்டேன் என்று குதித்தார் நல்லகாமன். வீடு பேசியபோது கிடா கூடாதென்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள் அவள். பட்டாபிராமன் வேறு விதமாகப் புலம்பினான். "நம்மாத்துல வளத்து வெட்டக் குடுக்கறோம். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆறது?"

"நான் ஒண்ணும் வளக்கலை. ஒரு குழந்தைகிட்டேர்ந்து பிரிச்சு வச்சிருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஏழு தும்மல் தும்மினாள்.

அவள் அதைத் தூசி என்றாள். கண் சிவந்து வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்றாள். நாலாம் நாள் அவள் நெஞ்சுக்குள்ளேயே விசில் அடித்தது. பட்டாபிராமன் சொட்டு மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். தன் கையிலேயே கீறிப் பார்த்தாள். முத்திருளனுக்கு நாலணா. இவளுக்கு முழு ஒரு ரூபாய்.

"இப்பவே அனுப்பிடு," என்றான் அவன்.

"அனுப்ப மாட்டேன்."

மாத்திரையை முழுங்கினாள், முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டாள், ஒழுகுகிற மூக்கோடு குழந்தைகளைப் பார்த்தாள். தனக்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று வந்தவர்கள் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். வாரா வாரம் முத்திருளன் நெஞ்சில் ஸ்டெத் வைக்கும்போது விசில் குறைந்துகொண்டே வந்தது, அது போதும் அவளுக்கு. அவளுடைய விசில் ஏறிக்கொண்டே போனதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. ஒச்சாயி மட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தையே கவலையாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஆடி கடைசி வெள்ளி. கிடாவைக் கோயிலுக்குக் கொண்டுபோக லாரியில் இருபது பேர் வந்து இறங்கினார்கள். முத்திருளன் தெருமுனையிலிருந்தே ஓடி வந்தான். நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தாள். சத்தமே இல்லை. முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெஞ்சில் காத்திருந்தவர்கள், நல்லகாமன், வந்த இருபது பேர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை.

பட்டாபிராமன் முன்னால் வந்து நின்றான். "பையனுக்கு யாரால சரியாச்சு? எல்லார் முன்னாடியும் சொல்லுங்கோ."

"இதுல என்ன சந்தேகம்? டாக்டரம்மாவாலதேன்," என்றார் விருமாண்டி, தெருவுக்கே கேட்கும்படி.

பட்டாபிராமன் பையிலிருந்த கப்பலூர் வேலைக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தான். கிடா மாலையும் கழுத்துமாக லாரியில் ஏறியது. நல்லகாமன் கும்பிட்டு வழியனுப்பினார். அனந்தலக்ஷ்மி தலை நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாளில் வீட்டைக் கழுவிவிட்டால் தனக்கும் சரியாகிவிடும் என்று நினைத்தபடியே ஒரு தும்மல் போட்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள் ஒச்சாயி.

"எம் புள்ள இளைப்பு அம்புட்டையும் நீங்க வாங்கிக்கிட்டீங்களே தாயி, நாங்க பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பமா? உங்களுக்காகக் கருப்புக்கு நேந்து, உள்ள உங்க கட்டில் கால்ல ஒரு கெடாக்குட்டியைக் கட்டிட்டு வாரேன், உங்களுக்குச் சரியான அன்னைக்கு அவுத்துக்கிருவோம்."