தாய்மாமன் சீர் தாமதமானதற்கான சான்றுகள், இணைப்பு உட்பட

ஜார்ஜ்டவுன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா லோகேஸ்வரிக்கு,

உன் தம்பி கிருபாகரன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீயும் மச்சானும் தனிஷாவும், நான் இன்னும் பார்க்காத சின்னவளும் சுங்கை பாக்காப்பில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்துவைத்த பிறகு உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. கடிதத்தைத் தடுக்கும் வசதி இன்னும் வரவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். உறை, தபால்தலை எல்லாம் வாங்கிவிட்டேன். தபால்தலை கேட்டபோது அஞ்சலகத்துப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

சின்னவளின் காதுகுத்து அழைப்பிதழைப் பார்த்தேன். எனக்கு வரவில்லை, குணாளன் தன் முகநூலில் போட்டிருந்தான். அதில் தங்க எழுத்தில் 'தாய்மாமன்: குணாளன்' என்று இருந்தது. சித்தி மகனும் முறைப்படி தாய்மாமன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கூடப் பிறந்த ஒரே தம்பி கடலுக்கு இந்தப் பக்கம் உயிரோடு இருக்கும்போது, காப்புறுதி விற்கிற ஓர் ஆளைப் பிடித்து அந்த இடத்தில் உட்காரவைப்பது என்ன நியாயம்? அவன் மடியில் பிள்ளையை வைத்தால், ஊசி ஏறி இறங்குவதற்குள் அதன் பேரில் ஒரு பாலிசி எழுதிவிடுவான். சரி, அது உங்கள் விருப்பம். நான் அழைப்புக் கேட்டு இதை எழுதவில்லை. தனிஷாவின் காதுகுத்தில் நான் ஏமாற்றவில்லை என்பதை நிரூபிக்க மட்டுமே எழுதுகிறேன். சான்றுகளை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, வேண்டுமானால் கிழித்துப் போடு.

அன்று நடந்ததை நீ மைக் வழியாகத்தான் தெரிந்துகொண்டாய். என் பக்கத்தையும் கேள். எனக்குத் தட்டு வரிசையில் நம்பிக்கை இல்லை, அது உனக்குத் தெரியும். பதினொரு தட்டு வைத்தவன் இருபத்தொரு தட்டு வைத்தவனைப் பார்த்து வயிறெரிகிறான், மறுமாதம் இரண்டு பேரும் ஒரே வட்டிக்காரன் வாசலில் நிற்கிறார்கள், அங்கேயும் ஒருவரை ஒருவர் பார்க்காதது போல் நிற்கிறார்கள். அதனால்தான் நான் ஒரே தட்டு எடுத்து வந்தேன், வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கட்டம் கட்டமான குறியீடு. நாலைந்து வருடமாக ஓவர்டைம் காசில் துளித்துளியாகச் சேர்த்த பிட்காயினைத் தனிஷாவின் பேரில் மச்சான் திறந்திருந்த கணக்குக்கு அனுப்புவதாக ஏற்பாடு. மச்சானும் சரி என்றார். சரி என்ன, ஒரு வாரம் காப்பிக்கடை காப்பிக்கடையாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று பிடுங்குகிறான், இதில் செய்கூலியும் கிடையாது, சேதாரமும் கிடையாது என்று மண்டபத்தில் எல்லாரிடமும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் பேசியதிலேயே பெரிய முட்டாள்தனம் அதுதான்.

விஷயம் இதுதான் அக்கா. நீ பாயான் லெப்பாஸில் வேலை செய்தபோது ஏறுவாயே தொழிற்சாலை பஸ், அது போல இதற்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும். இடம் கொஞ்சம்தான். யார் அதிகக் கட்டணம் தருகிறேன் என்கிறானோ அவனை முதலில் ஏற்றுவார்கள். மற்றவன் ஓரமாக நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள், எல்லாருக்கும் சமமான பணம், வங்கிக்கும் முதலாளிக்கும் இதில் வேலையில்லை என்று சொல்லித்தான் ஊரைக் கூட்டினார்கள், நானும் நம்பினேன். நான் காரில் உட்கார்ந்து முந்தின வாரக் கட்டணத்தைப் போட்டு அனுப்பிவிட்டு மண்டபத்துக்குள் வந்தேன். அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவர்களின் கூலி நாலு வருடத்துக்கு ஒரு தடவை பாதியாகும், அந்த நாள் அன்று காலையில்தான் வந்தது. அதையொட்டி உலகத்தில் உள்ளவன் எல்லாம் முண்டியடித்து ஏற, கட்டணம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஐயர் ராகுகாலம் பார்த்தார், எமகண்டம் பார்த்தார், இதை அவர் பார்த்திருக்க முடியாது. பார்க்க வேண்டியவன் நான்.

கோயில் கமிட்டிச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "தாய்மாமன் கிருபாகரன் அவர்களின் சீர், பிட்காயின், வந்துகொண்டிருக்கிறது" என்றார். மேளம் வாசித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் வந்துகொண்டிருக்கிறது" என்றார். அதற்கும் மேளம் வாசித்தார்கள். மச்சானின் பெரியம்மா கப்பலில் வருகிறதா என்று விசாரித்தார். சாப்பாடு பரிமாறும்போது செயலாளர் என் காதருகில் வந்து கேட்டது மட்டும் இன்னும் என் மண்டைக்குள் ஓடுகிறது. "தம்பி, வந்துருமாலா? இல்லன்னா நான் மைக்க ஆஃப் பண்ணிட்டு சாப்ட போறேன்."

காசு அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள், தாய்மாமன் வெறும் காகிதத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தான் என்று சுங்கை பாக்காப் முழுக்கப் பேச்சு. நீயும் பேச்சை நிறுத்திவிட்டாய். நான் அனுப்பவே இல்லை, வந்தவர்கள் முன் நாடகம் போட்டுவிட்டுப் பிறகு யாரிடமோ கடன் வாங்கி அனுப்பினேன் என்று நீ நினைப்பதாகப் புரிந்துகொண்டேன். அன்று காலையில் உண்மையிலேயே நெரிசல் இருந்தது, என் காசு வரிசையில் நின்றது என்பதற்கு ஆதாரம் காட்டினால் போதும் என்று இறங்கினேன்.

அங்கேதான் பிடித்தது சனி. பிட்காயினின் பொதுக் கணக்கில் என் பரிவர்த்தனையைத் தேடிப் பார்த்தால், அது பஸ் ஏறின நாள் இருக்கிறது. நின்ற நாள்கள் இல்லை. ஏறியவனுக்குத்தான் பதிவு, நின்றவனுக்கு இல்லை. உலகமே பார்க்கலாம், எதையும் அழிக்க முடியாது என்று பீற்றிக்கொள்கிற கணக்குப் புத்தகத்தில் காத்திருப்புக்கு ஒரு வரி கிடையாது. அதைப் படித்த அன்று எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, குடியுரிமை தரும் நீல அட்டைக்கு எத்தனை தடவை மனுப் போட்டாள்? அவள் போன பிறகு நான் அந்த அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கிடைத்திருந்தால் கணினியில் இருக்கும் என்றார்கள். கிடைக்கவில்லை என்றேன். அப்படியானால் இருக்காது என்றார்கள். இதை உனக்குச் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரிசையின் நீளத்தையும் கட்டணத்தையும் படமாகப் போடுகிற தளங்கள் இருக்கின்றன. இன்றைய நிலவரத்தை நிமிடத்துக்கு நிமிடம் காட்டுவான். பழையது வேண்டுமென்றால், பின்னால் போகப் போக எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடுகிறான். நான் அவமானப்பட்ட அந்தக் காலை முழுவதும் அவனுடைய படத்தில் ஒரு மயிரிழை. ஒருவழியாக இன்னொரு தளத்தில் மணிவாரியான கணக்கு கிடைத்தது. அது வெளிநாட்டு நேரம் என்று எண்ணி எட்டு மணி நேரத்தைக் கழித்தேன். அந்தத் தளம் ஏற்கெனவே நம் ஊர் நேரத்துக்கு மாற்றித்தான் காட்டியிருக்கிறது. ஆகவே நான் பெருமையோடு மச்சானுக்கு அனுப்பிய படம் அன்றைய விடியற்காலைப் படம், வரிசையில் ஈ காக்கை இல்லை. "அமைதியாதான இருக்கு தம்பி" என்று பதில் போட்டார். எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லிவிட்டு வந்ததுதான் மிச்சம்.

பிறகு, பழைய தரவை விற்கிற ஒரு நிறுவனத்துக்கு எழுதினேன். விலை போடவில்லை, பேசித்தான் சொல்வார்களாம். ஒரு பெண் வீடியோவில் வந்தாள், நான் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் நிதியம் எவ்வளவு பெரியது என்று கேட்டாள். நிதியம் இல்லை, தாய்மாமன் என்றேன். காது குத்துவதைப் பற்றியும் மடியைப் பற்றியும் ஆங்கிலத்தில் விளக்கினேன். பாவம், குறிப்பெடுத்துக்கொண்டாள். பிறகு தொடர்புகொள்வதாகச் சொன்னாள், இன்றுவரை இல்லை. ஒரு கலந்துரையாடல் பக்கத்தில் கேட்டேன். அடுத்த தடவை கட்டணத்தைக் கூட்டிப் போடு என்று நாற்பது பேர் புத்தி சொன்னார்கள். காசுள்ளவன் ஏழைக்குச் சொல்கிற அறிவுரை எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

அந்த நாற்பது பேருக்குப் பிறகு ஒருவன் மட்டும் தனியாக எழுதினான். பெயர் தெரியாது, பின்லாந்துக்காரன். வீட்டுப் பண்டக அறையில் ஒரு கணினியை வருடக்கணக்காக ஓடவிட்டு, வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று நிமிடத்துக்கு ஒருமுறை பதிவுசெய்து வைத்திருக்கிறானாம். எதற்கு என்று கேட்டேன். யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா என்றான். கோப்பை அனுப்பினான். தொழிற்சாலைக் கணினியில் திறந்தேன், கணினி படுத்துவிட்டது, சூப்பர்வைசர் என்னை வெளுத்து வாங்கினார். வேலையை இன்னும் நிரந்தரமாக்கவில்லை என்பதை ஞாபகப்படுத்தினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் திறந்தேன். இருந்தது அக்கா. அந்தக் காலையில், அந்த நேரத்தில், லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவில், அடிமட்டக் கட்டணத்தோடு, என்னுடையது நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்லாந்துக்காரனுக்கு நன்றி சொல்லி எழுதினேன். அவன் அங்கே பனி பெய்கிறது என்றான், நான் இங்கே வெயில் என்றேன். இப்போது வாரத்துக்கு ஒருமுறை இப்படி எழுதிக்கொள்கிறோம்.

கீழே நகல் கடை வைத்திருக்கிற ஜபருல்லா அண்ணன்தான் எல்லாவற்றையும் அச்சிட்டுத் தந்தார். என் அறைக்கு இரண்டு பக்கமும் பலகைச் சுவர். ஒரு பக்கம் பகல் ஷிப்டு நேபாளி, மறுபக்கம் இரவு ஷிப்டு வங்காளதேசி. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் இருக்க மாட்டார். ஆகவே நான் வாய் திறந்து பேசுவது ஜபருல்லா அண்ணனிடம்தான், அதுவும் எத்தனை நகல், கலரா கறுப்பு வெள்ளையா என்பது பற்றி. நேற்று அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத பாத்தா ஒங்க அக்கா பேசிருமா தம்பி?"

"பேசும்ணே. ஆதாரம் இருக்குல்ல."

"எங்க வீட்லயும் ஒரு சண்ட ஓடுது. எத்தன காப்பி எடுக்கலாம்?"

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஆக, இணைப்பு ஒன்று: நெரிசல் படம், சரியான நேரத்தோடு. இணைப்பு இரண்டு: கட்டணப் படம். இணைப்பு மூன்று: என் வரி, மஞ்சள் மையால் அடிக்கோடிட்டது. மச்சானின் பெரியம்மாவுக்கும் செயலாளருக்கும் தனித்தனி நகல் வைத்திருக்கிறேன். முடிந்தால் செயலாளரை மைக்கில் படிக்கச் சொல்.

மச்சானுக்கு என் வணக்கம். தனிஷாவுக்கு முத்தங்கள், சின்னவளுக்கும். அவள் பெயரைக்கூட அழைப்பிதழில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குணாளனுக்கும் மரியாதை சொல், பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடிக்கச் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், கேட்டது கேட்ட நேரத்தில் கிடைத்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உண்மையைத் தவிர வேறெதையும் அனுப்பாத தம்பி,
கிருபாகரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மச்சான் அழைத்தார். எடுத்ததும் படத்தைப் பற்றி ஆரம்பித்தேன், எட்டு மணி நேரக் கணக்கைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, காசப் பத்தி அவ ஒரு வார்த்த பேசலலா. அவளுக்கு அது வந்தா என்ன, வராட்டி என்ன. ஆல்பத்தப் பாத்தியா நீ? நாங்க ஒனக்குக் காட்டவே இல்லல்ல. பிள்ள ஒன் மடியில உக்காந்து கத்திக்கிட்டு இருக்கு, ஒன் சட்டையப் பிடிச்சு இழுக்குது. எல்லாப் போட்டோலயும் நீ போனத்தான் பாத்துக்கிட்டு இருக்க. ஒண்ணுலகூட பிள்ளையப் பாக்கல. அவ அத தொறப்பா, பாப்பா, மூடுவா. நீ வேற மாசாமாசம் படம் படமா அனுப்பிக்கிட்டு இருக்க."

பிறகு பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னாய், எனக்குக் கேட்கிற மாதிரி. "வரச் சொல்லுங்க. அந்தப் போனத் தூக்கிக்கிட்டு வரக்கூடாதுன்னு சொல்லுங்க."

இணைப்புகளை எடுத்துவிட்டேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதம் மட்டும் வருகிறது.

போனை ஜபருல்லா அண்ணனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். காதுகுத்தன்று காலை முதல் படகில் கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தில் இறங்குவேன். அங்கிருந்து கார் பிடிக்கவும் போன்தான் வேண்டும், ஆகவே மச்சானை அனுப்பு. தாமதமானால் பரவாயில்லை. வந்துவிட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது. படகுத்துறை வாசலில் நின்றுகொண்டிருப்பேன் என்று நீ நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.