மாலை விழுந்ததும் கோஷம்

ஓர் ஊரில் நடப்பது எதுவும் தெரியாமல் அந்த ஊரிலேயே வேலை பார்க்க முடியும் என்றால், அது பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரால் மட்டும்தான் முடியும். தபால்காரருக்கு எல்லா வீட்டு விஷயமும் தெரியும். மீன் ஏலம் எடுக்க வருகிறவருக்கு அதைவிடக் கூடுதலாகவே தெரியும். நாங்கள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவோம், சாயங்காலம் பஸ் ஏறிப் போவோம். இடையில் ஊர் என்பது எங்களுக்கு வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள்தான்.

நான் புதுக்கோட்டைக்காரி. (அந்தப் பெரிய புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் புதுக்கோட்டை. கல்யாணமான நாளிலிருந்து இந்த விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) நான் தலைமை ஆசிரியராக இருக்கும் தொடக்கப் பள்ளி, துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு ஜன்னலில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். நானும் ஜெனிபர் டீச்சரும் மட்டும்தான் ஆசிரியர்கள். எச்.எம். என்பது ஊர் வாயில் தேய்ந்து, நான் 'எச்சம் டீச்சர்' ஆகிவிட்டேன். ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

அந்த வாரம் திங்கட்கிழமை வட்டார அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மாணவர் சேர்க்கைப் பேரணி நடத்தி, மேளதாளத்தோடு வீடு வீடாகப் போய், புதுப் பிள்ளைகளுக்கு மாலை போட்டு வரவேற்று, புகைப்படம் அனுப்ப வேண்டும்.

மற்ற பள்ளிகளுக்கு அது ஒரு சடங்கு. எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் டவுனுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டன. இந்த வருஷமும் ஒன்றாம் வகுப்பில் ஆள் சேரவில்லை என்றால் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு. பக்கத்து ஊர் என்பது உப்பளத்தைத் தாண்டி, துறைமுக ரோட்டுக்கு அந்தப் பக்கம். கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் ஓடுகிற அந்த ரோட்டை ஐந்து வயசுப் பிள்ளைகள் கடந்து போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

என் நம்பிக்கை முழுவதும் ரெஜினா வீட்டில் இருந்தது. அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒரு ஆண், ஒரு பெண். இரண்டுக்கும் பள்ளியில் சேரும் வயசு. வியாழக்கிழமை போய்ப் பேசினேன்.

"வேன்காரன் நாளைக்கு வாரேன்னுருக்கான் டீச்சர்," என்றாள். "நீங்க காலையிலேயே வந்துருங்க. புள்ளையள ரெடியா வைக்கேன். எங்க மாமாவும் அரசாங்கப் பள்ளிக்கொடம்தான் வேணும்னு நிக்காவ."

அவளுடைய மாமனார் தொம்மை உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்ந்தவர். இருமலுக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

அந்த வாரத்தின் மற்ற நாட்களைச் சொல்லி அழுவதில் பயனில்லை. செவ்வாய்க்கிழமை மோட்டார் புகைந்தது. புதன்கிழமை தண்ணீர்த் தொட்டியில் ஒரு காக்கை செத்துக் கிடந்தது. வியாழக்கிழமை மாலை ஜெனிபர் டீச்சரை அவசரப் பயிற்சிக்கு அழைத்துவிட்டார்கள். ஆக, பேரணிக்கு ஒரே ஆசிரியர், ஒரே தளபதி, நான்தான்.

பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை முழுக்க ஒத்திகை. வரிசையில் பேசக் கூடாது. நான் மாலையைப் போட வேண்டியது, மாலை விழுந்த அடுத்த நொடி எல்லோரும் ஒரே குரலில் கோஷம் போட வேண்டியது. ஒரு நாற்காலிக்குத் துண்டை மாலையாகப் போட்டுப் போட்டுப் பழக்கினேன். கடைசியில் துண்டு கையிலிருந்து நழுவினாலே கோஷம் வந்தது. என் பயிற்சித் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை புதுக்கோட்டையிலிருந்து பேண்டு செட்டை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் அதிலேயே வந்தேன். பேண்டு மாஸ்டர் முருகேசன் எங்கள் தெருக்காரர். ஊருக்குள் நுழையும்போது மாதா கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. வெள்ளிக்கிழமைப் பூசை என்று நினைத்தேன். படகுகள் எல்லாம் கரையில் நின்றன. பேரணிக்காகத்தான் யாரும் கடலுக்குப் போகவில்லையோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. (இதை எழுதும்போது காது சுடுகிறது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.)

பிள்ளைகள் பலூன்களோடும் அட்டைகளோடும் வரிசையில் நின்றார்கள். முகங்களில் சிரிப்பில்லை. ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். முன்னால் நின்ற நாலாம் வகுப்பு மெர்சி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், ரெஜினா சித்தி வீட்டுல..."

"லைன்ல பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"இல்ல டீச்சர், அங்கன இப்பம் போவக் கூடாது டீச்சர்..."

"மெர்சி! வாயில விரல் வை."

வைத்தாள். தெரு திரும்பும் வரை விரலை எடுக்கவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

தெரு திரும்பியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். ரெஜினா வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. தெருவை அடைத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளை வேட்டியில் ஆண்கள், உள்ளே பெண்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க இந்த ஊர் பந்தல் போட்டிருக்கிறது! கல்விக்கு இப்படி ஒரு மரியாதையா! இத்தனை வருஷம் இந்த ஊரைப் புரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். பேண்டு ஒரு துள்ளல் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது. கையில் இரண்டு ரோஜா மாலைகளோடு, வாயெல்லாம் பல்லாக, பந்தலுக்குள் நடந்தேன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒருவரும் சிரிக்கவில்லை.

முருகேசன் மாஸ்டர்தான் முதலில் பார்த்தார். கல்யாணத்துக்கும் எழவுக்கும் மாறி மாறி வாசிக்கிற அனுபவம் அது. பாட்டை நிறுத்தவில்லை. ஒரு கையை மட்டும் கீழே இறக்கிக் காட்டினார். துள்ளல் பாட்டு அப்படியே தேய்ந்து, வளைந்து, அடுத்த அடியில் சோகப் பாட்டாகிவிட்டது. பாட்டு ஏன் அழுகிறது என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் நான் முன்னால் பார்த்தேன். வராந்தாவில் ஃப்ரீசர் பெட்டி. உள்ளே தொம்மை. நேற்றுக் கையை உயர்த்திய அதே மனிதர்.

திரும்பி ஓடியிருக்கலாம். அதற்குள் தொம்மையின் தம்பி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் மாலைகளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், விடிய முன்னால போய்ட்டாவ. நம்ம ஊர் பேண்டு செட்டு திருவிழாவுக்குப் போயிருக்கு, மேளத்துக்கு என்ன செய்யன்னு தெரியாம இருந்தோம். நீங்க மாலையும் மேளமுமா வந்து நிக்கிய. அரசாங்கத்துலேருந்து யாரு வருவா எங்களுக்கு?" அவருக்குக் குரல் உடைந்தது. "வாங்க. போடுங்க."

உள்ளே போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் தொம்மையின் மனைவி செலினம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. சுற்றியிருந்த பெண்கள் அவரை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து அவர் அழவும் இல்லை, பேசவும் இல்லை என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். "இப்படி இறுகிக் கெடந்தா நெஞ்சு தாங்குமா டீச்சர்?"

தொம்மையின் முகத்தைப் பார்த்தேன். ஒரு மாலையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தேன். ஐந்து வயசுப் பிள்ளைக்குக் கட்டிய மாலை, அந்தப் பெட்டியின் மேல் வளையல் மாதிரிக் கிடந்தது.

மாலை விழுந்தது. எனக்குப் பின்னால், என் பிள்ளைகள், தொண்டை கிழிய, ஒரே குரலில் முழங்கினார்கள்:

"வருக! வருக! எங்கள் பள்ளிக்கு வருக! இன்றே சேர்ந்திடு! இலவசமாய்ப் படித்திடு!"

பேண்டு நின்றது. யார் கையிலோ ஒரு பலூன் வெடித்தது.

என் வாழ்க்கையில் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். பிளக்கவில்லை. சிமெண்டுத் தரை. தொம்மையின் தம்பி வாயைத் திறந்தபடி நின்றார். ரெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இளவட்டம் ஒருவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் என்ன கேட்டாலும் அது நியாயம் என்றே எனக்குத் தோன்றியது.

அப்போது செலினம்மா தலையைத் தூக்கினார். பிள்ளைகளைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பிறகு என்னை.

"அஞ்சு வயசுல அடிச்சு வெரட்டியும் பள்ளிக்கொடத்துக்குப் போவாத மனுசன்," என்றார் நிதானமாக. "இப்பமா டீச்சர் போவப் போறாரு?"

யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். செலினம்மாவுக்கும் உதடு துடித்தது. சிரிப்பு மாதிரித்தான் தொடங்கியது. பாதியில் அது அழுகையாக உடைந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, "கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு கொள்ள வெக்கப்படுவாவளே, எம் பேரப் புள்ளையளுக்காவது பள்ளிக்கொடம் வேணும்னு சொன்னாவளே," என்று அலறி அழுதார். பெண்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து அழுதார்கள். எழுந்து நின்ற இளவட்டம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானும் அழுதேன். முதலில் வெட்கத்தில், பிறகு உண்மையிலேயே தொம்மைக்காக.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் செலினம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய்யாக வாங்கிய மரியாதை உள்ளே குத்தியது.

"எனக்குத் தெரியாதும்மா. நான் பேரப்பிள்ளைகளைச் சேர்க்கத்தான் வந்தேன். துக்க வீடுன்னு தெரிஞ்சிருந்தா இப்படி வந்திருக்க மாட்டேன்."

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "தெரியும் டீச்சர். பலூன் புடிச்சிக்கிட்டு எழவு வீட்டுக்கு யாரு வருவா?"

பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பி அழைத்துப்போனேன். யாரும் சொல்லாமலே அட்டைகளை எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். பாதி வழியில் மெர்சியிடம் கேட்டேன்.

"இதைத்தான் காலையில சொல்ல வந்தியா?"

"ஆமா டீச்சர்."

"திரும்பவும் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க விரல எடுக்கச் சொல்லலியே டீச்சர்."

இப்போதெல்லாம் எங்கள் காலை வணக்கக் கூட்டத்தில் முதல் வேலை, ஊரில் என்ன விசேஷம் என்று பிள்ளைகளைக் கேட்பதுதான். யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, யார் அப்பா கடலுக்குப் போகவில்லை, எல்லாம் வந்துவிடும். திருக்குறள் அதற்குப் பிறகுதான்.

மாலை நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். முருகேசன் மாஸ்டர் குழுவோடு இருந்து கடைசி வரை வாசித்துவிட்டுத்தான் கிளம்பினார். குழிக்கு மண் போட்டுவிட்டு நான் கை கழுவும்போது போன் அடித்தது. வட்டார அலுவலகத்து அதிகாரி.

"எங்கம்மா போட்டோ? எல்லா ஸ்கூலும் அனுப்பியாச்சு."

"சார், எழவு வீடு சார்."

"உங்க வீட்டிலயா?"

"இல்ல சார். நாங்க மாலை போட்ட வீட்டில."

"மாலை போட்டதுக்கு அப்புறமா, முன்னாடியா?" என்றார் கவலையோடு.

வேன்காரன் என்ன ஆனான் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பந்தலைப் பார்த்துத் திரும்பிப் போனவன், மறுநாளே வந்திருக்கிறான். செலினம்மாவே வாசலுக்கு வந்து, "எங்க வீட்டுப் பெரிய ஆளே அங்கன சேந்தாச்சு. புள்ளையள வேற எங்கன விடுவேன்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏழாம் நாள் பூசை முடிந்து ரெஜினா இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வந்தாள். மாலை, மேளம், கோஷம் எதுவும் இல்லை. ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவளைப் பார்த்து இன்னும் சில வீடுகள் வேனை நிறுத்தின. பள்ளி இந்த வருஷம் தப்பித்தது. அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் இது தீராத கதை. யாராவது தவறிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், சட்டையை மாட்டிக்கொண்டே என் கணவர் கேட்பார்: "துக்கம் விசாரிக்க வாரியா, இல்ல ஆள் சேக்க வாரியா?" சிரிக்கக் கூடாத நேரத்தில் கேட்டுச் சிரிக்க வைத்துவிடுவார்.

ஊர்க்காரர்கள் அவரையும் மிஞ்சிவிட்டார்கள். போன வாரம் கணக்கெடுப்புக்காகக் கையில் பையோடு கடற்கரைத் தெருவில் போனேன். ஒரு வீட்டு வாசலில் காய்ச்சலோடு போர்த்திப் படுத்திருந்த பெரியவர் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து உள்ளே பார்த்துக் கத்தினார்:

"ஏளா, எச்சம் டீச்சர் வாராவ! எனக்கு இன்னும் சேருத வயசு ஆவலன்னு சொல்லி அனுப்பு!"