கணுக்காலில் கட்டிய வாட்ச்

நாளை காலை முதல் நான் தினமும் ஓடுவது என்று எங்கள் வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஓட்டுரிமை உள்ளவர் ஒருவர்.

காரணம் டாக்டர். "சுகர் ஏறிக்கிட்டே போகுது. மூணு மாசத்துல ஓடிக் குறைச்சுக்குங்க. இல்லேன்னா தினம் ஊசிதான்" என்று சொல்லிவிட்டார். முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவன் நான். ஆனால் அது துணிக்குள் போகும் ஊசி. எனக்குள் போகும் ஊசி என்றால் கண் இருட்டிக்கொண்டு வரும்.

வீடு வரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசினால் பயம், பேசாவிட்டால் அதைவிடப் பயம். மறுநாள் ஒரு ஃபிட்னஸ் வாட்சை வாங்கிவந்து என் மணிக்கட்டில் மாட்டினாள்.

"மணி பார்க்கவாம்மா?"

"உங்களைப் பார்க்க. எத்தனை அடி வச்சீங்கன்னு என் போன்ல வந்துரும். தினம் பத்தாயிரம்."

"முதல்ல ஆயிரத்துல ஆரம்பிக்கலாமே?"

"சட்டைக்குத் துணி கொடுத்தா ஒரு கையை மட்டும் தச்சுக் கொடுப்பீங்களா?"

ஓடினேன். தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. வாட்சைப் பார்த்தேன். எழுநூற்றுப் பன்னிரண்டு. என் உயிருக்கு அவ்வளவுதான் மரியாதை.

மூன்றாம் நாள் கடையில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது ஞானம் பிறந்தது. என்னுடையது காலால் மிதிக்கும் மிஷின். மோட்டார் வைக்கச் சொல்லி மனைவி பத்து வருடமாகச் சொல்கிறாள், நான்தான் காதில் வாங்கவில்லை. வாட்சைக் கழற்றிக் கணுக்காலில் கட்டினேன். நாலு ஜன்னல் திரைக்கு ஓரம் அடிப்பதற்குள் நாலாயிரம்!

அன்றிலிருந்து விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்புவேன். நேரே கடை. ஷட்டரைத் தூக்கி உள்ளே உட்கார்ந்து, பக்கத்து பேக்கரி பன்னைத் தின்றபடியே ஓடுவேன்.

"என்னங்க, இன்னைக்குப் பதினாலாயிரம்!"

"எல்லாம் உன் கைராசி."

"கால் வலிக்கலையா?"

"பழகிப்போச்சும்மா." அது மட்டும் சத்தியம்.

அவள் என் காலை மடியில் தூக்கி வைத்து, முழங்காலிலிருந்து பாதம் வரை எண்ணெய் தேய்த்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவளையா ஏமாற்றுகிறோம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சுகமாக இருந்தது.

மறுநாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"பூங்காவுல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமாம். உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"வாட்சைக் கேட்டு. பதினாலாயிரம் ஓடுறவருக்கு அஞ்சு கிலோமீட்டர் எம்மாத்திரம்? தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. கைதட்ட வர்றாங்களாம்."

"எப்போ?"

"இன்னும் எட்டு வாரம் இருக்கு. உங்களுக்கு எட்டு நாளே போதும்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். தெருவில் பாதிப் பேர் என்னிடம் சட்டை தைப்பவர்கள். அவர்கள் முன்னால் நாலு அடி ஓடி நாக்குத் தள்ளி விழுந்தால், பிறகு எந்த முகத்தோடு அளவெடுப்பது?

ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். முதல் வாரம் தெருமுனை. மூன்றாம் வாரம் பூங்கா வாசல். ஏழாம் வாரம் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பேக்கரிக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, நானே இரண்டு இஞ்ச் பிடித்துத் தைத்தேன்.

பந்தயத்தில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மனைவி துண்டோடு நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நேத்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்துச்சுங்க. சுகர் இறங்கிருச்சு. டாக்டர் ஊசி வேணாம்னுட்டார்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த உருக்கத்தில் உண்மையைச் சொல்லிவிடத் துணிந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேம்மா. ஆரம்பத்துல நான்..."

"கணுக்கால்தானே?"

எனக்கு மறுபடி மூச்சு வாங்கியது. "எப்படித் தெரியும்?"

"எண்ணெய் தேய்ச்சேனே. கையில கட்டுற வாட்சோட தடம் கால்ல எப்படிங்க வந்துச்சு?"

"அப்பவே திட்டியிருக்கலாமே?"

"திட்டினா நின்னு கேட்டுக்குவீங்க. எனக்கு நீங்க ஓடணும்."

திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். பந்தயம் முடிந்துவிட்டது, மானம் தப்பிவிட்டது, இனி பழையபடி உட்கார்ந்தே ஓடலாம். வாட்சைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு குனிந்தேன். மிதிப்பலகையைக் காணோம். மிஷினில் புத்தம்புது மோட்டார் பொருத்தியிருந்தது. அதில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "பாவம், உட்கார்ந்து உட்கார்ந்து உங்களுக்குக் கால் வலிக்குமே."