வந்தாளா என்று சொல்லாத கல்லூரி

ஓரிகன், மே 19

அன்பும் அதைவிட அதிகமாகக் கோபமும் கொண்டு அக்கா நோரீனுக்குத் தம்பி ஹார்லன் எழுதுவது. இங்கே நானும் டயர் கடையும் சுகம். என் ரத்த அழுத்தம் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. உன் முழங்கால் வலி குறைந்திருந்தால் இதை நின்றுகொண்டே படி. உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு இது மரியாதையான கடிதம் இல்லை.

போன டிசம்பரில், பனி டயர் மாற்ற ஊரே என் வாசலில் வரிசையில் நின்ற வெள்ளிக்கிழமை பார்த்து, நீ ஒரு தாளை நீட்டினாய். சர்ச் விருந்துக்குப் பேர் கொடுக்கிற தாளாக்கும் என்று கையெழுத்துப் போட்டேன். ஆணி டப்பாவில் இருக்கிற பொடி எழுத்தைக்கூடப் படித்துவிட்டு வாங்குகிற நான் படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து அது. இருபது வருஷம் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் இருந்தவள் நீ, எந்த நேரத்தில் எந்த அப்பனைப் பிடிக்கலாம் என்று உனக்குத் தெரியாதா? என் மகள் டெஸ்ஸாவைப் பள்ளியிலிருந்து எடுத்து டவுன் கல்லூரியில் விடுகிற தாள் அது என்று எனக்கு ஜனவரியில்தான் தெரிந்தது. அதற்குள் நீ ஓய்வு வாங்கிக்கொண்டு ஐடஹோவுக்குக் குடிபோய்விட்டாய்.

அல்ஜீப்ராவில் இரண்டு தடவை விழுந்தவள் அவள். பள்ளிக்கூடத்தையே தாண்ட முடியாத பிள்ளையைக் கல்லூரியில் விடுவது என்ன ஏற்பாடு? தள்ளுவண்டியைக் கவிழ்த்தவனிடம் லாரிச் சாவியைக் கொடுப்பேனா நான்? கேட்டால், அங்கே ஒரு பாடம் படித்தால் பள்ளிப் படிப்பிலும் சேருமாம், கல்லூரிப் படிப்பிலும் சேருமாம். ஒரே டயரை இரண்டு பேருக்கு விற்றால் என்னை உள்ளே வைப்பார்கள். போதாததற்கு எல்லாம் இலவசம். இலவசம் என்று எவன் சொன்னாலும் டயரைத் திருப்பிப் போட்டு ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடுகிறவன் நான். அந்த ஒட்டு இங்கே இருக்கிறது: ஒரு பாடத்தில் தோற்றாலும் வெளியே. அப்புறம் பள்ளியிலும் இடமில்லை, ஜூனில் பட்டமளிப்பும் இல்லை. பதினெட்டு வயதில் கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் நிற்பாள், என்னை மாதிரி. அப்படி நின்று மேலே வந்தவன்தான் நான், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஏற்றம் எப்படி இருந்தது என்று என் முதுகைக் கேள்.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்த நிசப்தம். இரண்டு வருஷமாகத் தினமும் காலை பத்து நாற்பதுக்குப் பள்ளியிலிருந்து பதிவு செய்த குரலில் ஒரு இயந்திரக்காரி கடைக்குப் போன் பண்ணி, உங்கள் பிள்ளை இன்று ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு வரவில்லை என்று சொல்லுவாள். பட்டறையில் இருக்கிற எலாடியோ, "மொதலாளி, உங்க ஆளு கூப்பிடுறா" என்று சத்தம் போட, வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவமானம்தான், ஆனாலும் ஒரு தகவல். ஜனவரியிலிருந்து அந்தப் போனும் வரவில்லை. நாலு மாதம், ஒரு அழைப்பு இல்லை. டெஸ்ஸா தினமும் வகுப்புக்குப் போகிறாள் என்று நம்ப நான் என்ன நேற்றா பிறந்தேன்? கேட்க ஆளில்லாத இடத்தில் நீ அவளை விட்டிருக்கிறாய் என்றுதான் புரிந்துகொண்டேன்.

நேரே கல்லூரிக்குப் போனேன். கவுன்டரில் மீசைகூட ஒழுங்காக முளைக்காத ஒருத்தன்.

"டெஸ்ஸா பிக்ஸ்பி ஒழுங்கா வர்றாளா?"

"அப்படி ஒருத்தங்க இங்க படிக்கிறாங்களான்னுகூட நான் சொல்லக் கூடாது சார்."

"நான் அவ அப்பன்யா."

"சந்தோஷம் சார். அவங்க கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் இருக்கா?"

"அவளுக்குப் பதினேழு வயசு. மூக்கு குத்திக்கவே என் கையெழுத்து வேணும்."

"அது மூக்கு குத்துற கடை சார். இது காலேஜு."

என் பிள்ளையைப் பற்றிக் கேட்க என் பிள்ளையிடம் நான் அனுமதி வாங்க வேண்டுமாம். வீட்டில் அவளிடம் படிவத்தில் கையெழுத்துக் கேட்டேன். "யோசிச்சு சொல்றேம்பா" என்றாள். பழைய டயரை விற்க வருகிறவனுக்கு நான் சொல்கிற பதில் அது. எனக்கே சொல்கிறாள்.

அதற்கப்புறம் நான் செய்ததைச் செய்யாத அப்பன் இருந்தால் காட்டு. வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவள் வகுப்புக் கட்டடத்துக்கு எதிரே நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். ரகசியமாகத்தான். வண்டியின் இரண்டு பக்கமும் 'பிக்ஸ்பி டயர்' என்று ஆளுயர எழுத்தும் என் சிரித்த முகமும் இருப்பது மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. முதல் இரண்டு நாளும் கண்ணாடியில் அபராதச் சீட்டு. அது ஆசிரியர்கள் நிறுத்துகிற இடமாம். மூன்றாம் நாள், போன செவ்வாய்க்கிழமை, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வண்டியின் முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. கீழே இழுவை வண்டிக்கார ராட்னி.

"உன் டயர்தான் ஹார்லன், என்னமா பிடிக்குது பாரு" என்கிறான். ஆமாம், போன மாதம் அவன் இழுவை வண்டிக்கு நான் மாட்டிவிட்டதுதான்.

பிள்ளைகள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்க, அதற்குள்ளிருந்து டெஸ்ஸா வந்தாள். "இறங்குங்கப்பா மொதல்ல" என்றாள். தன் ஓட்டை வண்டியில் என்னை ஏற்றி இழுத்த வண்டிகளைப் பூட்டி வைக்கிற ராட்னியின் கொட்டடிக்குக் கூட்டிப் போனாள்.

"எத்தன நாளா இது?"

"மூணு நாள்."

"தெனமும் நான் உள்ள போறத பாத்தீங்கல்ல?"

"போறத பாத்தேன், படிக்கிறத பாத்தேனா? லாரி கேட்டுக்குள்ள வந்துட்டா சரக்கு எறங்கிடுச்சுன்னு அர்த்தமா?"

"நான் சரக்கு இல்லப்பா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். ராட்னி சாப்பிடப் போய்விட்டதால் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவ்வளவு நேரமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனோடு உட்காருவது அவ்வளவு கசக்கிறது, பார். இதுதான் நீ சேர்த்துவிட்ட படிப்பு கொடுத்த குணம்.

ஆகவே அக்கா, சேர்த்தவளே விலக்கு. யாருக்கு எப்படி எழுத வேண்டுமோ நீயே எழுதி, இந்த வாரமே அவளை அங்கிருந்து எடுத்துவிடு. திங்கட்கிழமை முதல் என் கடையில் வந்து உட்காரட்டும். இங்கே என்றால் வந்தாளா இல்லையா என்று எவனையும் கேட்க வேண்டியதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உன் நாய்க்கும் என் அன்பு, அது என்னிடம் எந்தத் தாளையும் நீட்டியதில்லை.

உன் கோபக்காரத் தம்பி,
ஹார்லன் பிக்ஸ்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டெஸ்ஸா கடைக்கு வந்து, கையெழுத்துப் போட்ட படிவத்தை மேஜையில் வைத்தாள். "இனிமே கார் நிறுத்துற எடத்துல நிக்காதீங்க, உள்ள போயே கேளுங்க" என்றாள். போனேன். அதே மீசை முளைக்காதவன். "இப்ப சொல்லலாம் சார்" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். நாலு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வரவில்லை. என் வண்டியை இழுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அல்ஜீப்ராத் தேர்வு. அதை எழுதாமல் விட்டால் அந்தப் பாடம் போய்விடும், எல்லாமே போய்விடும். வீட்டிலிருந்து விடுப்புக் கடிதம் கொடுத்தால் வாத்தியார் மறுபடி எழுத விடுவாராம். அதனால் நீ யாருக்கும் எதுவும் எழுதாதே. இரண்டு வருஷம் அவள் வராத நாளுக்கெல்லாம் நான் ஒரு விடுப்புக் கடிதம்கூட எழுதியதில்லை, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ ஆயிரம் பார்த்திருப்பாய். இது கிடைத்ததும் போன் பண்ணு. காரணம் என்கிற இடத்தில் 'அப்பா' என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்வார்களா?