இடது தோளில் மூன்று தட்டு

ஸ்கார்பரோவில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழ் ட்ரைவிங் மாஸ்டர் மேல்தான் விழவேண்டும். ஆனால் பேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர் இத்தாலி அண்ணை ஒருவர்தான்.

கனடாவுக்கு வருமுன் அவர் இத்தாலியின் சிசிலித் தீவில் ஒரு பெரிய வீட்டில் துப்புரவு வேலை பார்த்தவர். கார்ப் பந்தயம் தொடங்கிய காலத்தில் பேர் வாங்கிய ஓட்டுநர் ஒருவரின் வீடு அது. மல்வேர்ன் தெருக்களில் நான் அவரிடம் கார் பழகிய வகுப்பில் பாதி நேரம் அந்த ஓட்டுநரின் கதையிலேயே போய்விடும்.

"அந்தக் கார்ல ஓட்டுறவர் வலப்பக்கம், பிள்ளை. இடப்பக்கம் மெக்கானிக். ஆபத்தைப் பாத்துத் தோள்ல தட்டுறது அவன்ர வேலை. மூண்டு தட்டெண்டால் பிரேக்."

ஒரு மலை வளைவில் அந்த மெக்கானிக் தூக்கி எறியப்பட்டு இறந்துபோனான். அதன்பிறகு ஓட்டுநர் அந்த இருக்கையில் யாரையும் ஏற்றவில்லை. வெறும் இருக்கையோடு பந்தயம் பந்தயமாக வென்றார். கேட்டால், தட்டு இன்னும் விழுகிறது என்பாராம்.

"நான் அந்த வீட்டை விட்டு வரேக்க மெக்கானிக்கும் என்னோட வந்திட்டான்."

"பிளேன்லயோ அண்ணை? விசா?"

"அவனிட்ட ஆர் கேட்டது?"

சிரித்தேன். ஆனால் ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் என் இடது தோள் மட்டும் குளிர்ந்தே கிடந்தது. கனடாவில் ஓட்டுபவர் இடப்பக்கம்; பக்கத்து இருக்கையிலிருந்து அண்ணை தட்டுவதெல்லாம் வலது தோளில்தான்.

இரண்டு முறை ரோட் டெஸ்டில் கோட்டை விட்டேன். வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் அதுவும் கைநழுவிவிடும். மூன்றாம் முறை அண்ணை சொன்னார்: "பயப்பிடாதை. அவனை உன்னோட அனுப்புறன்."

டெஸ்டில் ஒரு சந்தியில் பச்சை விளக்கு விழுந்தது. காரை எடுக்கப் போனேன். இடது தோளில் மூன்று தட்டு. பிரேக்கை மிதித்தேன். சிவப்பு விளக்கை மதிக்காமல் ஒரு ட்ரக் எங்கள் முகத்துக்கு முன்னால் பறந்தது. வலப்பக்கம் இருந்த பரிசோதகரின் இரண்டு கைகளும் டாஷ்போர்ட்டைப் பிடித்திருந்தன. எனக்கு இடப்பக்கம் கதவு மட்டும்தான். பாஸாகிவிட்டேன்.

சொன்னதும் அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. "உண்மையாவோ பிள்ளை? உன்ர பயம் போகட்டுமெண்டு நான் சும்மாவெல்லே சொன்னனான்!"

போன குளிர்காலம் அண்ணை காலமானார். அழுதுகொண்டேதான் வேலைக்குப் போய்வந்தேன். அடுத்த வாரம், யூனியன்வில்லில் ஒரு வளைவு, எங்கும் பனி, காரில் நான் தனியே. மூன்று தட்டு விழுந்தது. நிறுத்தினேன். எதிரே வந்த கார் சறுக்கிச் சுழன்று, என்னைத் தொடாமல் போனது.

இந்த முறை தட்டு விழுந்தது வலது தோளில். அன்றிலிருந்து அந்தப் பக்க இருக்கையில் கைப்பையைக்கூட வைப்பதில்லை. அண்ணை வசதியாக இருக்கட்டும்.