மணப்பெண்ணுக்கு ஏழு கம்பளித் தொப்பிகள்

பிலிப்பைன்ஸ் நாட்டு இலோய்லோ நகரின் வருங்கால மணமகளும், என் அக்காள் பெற்ற அரும்பெரும் செல்வமும், பல் விழுந்த வயதில் என் மூக்குக்கண்ணாடியை மீன்குழம்பில் போட்டவளுமாகிய ஜோவிலினுக்கு,

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம், எல்ம் க்ராசிங் முதியோர் இல்லத்தின் தலைமைச் சமையல்காரனும் ஒரே சமையல்காரனுமான உன் மாமா நெஸ்தோர், மூக்கு நுனி வரை உறைந்த நிலையில் ஆசி கூறி எழுதுவது. நான் சுகம். நீயும் அக்காவும் மாப்பிள்ளையும் சுகமா? இங்கே குளிர் எப்படியென்றால், நேற்று வாசலில் நான் விட்ட பெருமூச்சு கட்டியாகிக் காலில் விழுந்து கட்டைவிரல் வீங்கிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா இல்லாத உன்னைக் கைபிடித்துத் தேவாலயப் பீடம் வரை அழைத்துப்போக நான் வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். வர முடியாது மகளே. எனக்குப் பதிலாகப் பெட்டி வருகிறது. வருஷம் பூராவும் முன்னறையில் நிறுத்தி, சோப்பும் சாக்லேட்டும் துண்டுமாய் நிரப்பி அனுப்புவேனே, அதே அட்டைப்பெட்டிதான். ஆனால் இந்தத் தடவை திறந்ததும் மயங்கி விழாதே. உள்ளே ஏழு கம்பளித் தொப்பிகள், பீட்ரூட் ஊறுகாய், பனி வாருகிற மண்வெட்டி ஒன்று. எனக்குப் புத்தி பிசகவில்லை. ஊருக்குத்தான் பிசகிவிட்டது.

நான் வந்த கதை உனக்குத் தெரியும். புயல் நம் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது, அதைப் பிடிக்க ஓடினேன், ஓடின வேகத்தில் கடல் தாண்டிப் பனியில் வந்து நின்றேன். கூரை இன்னும் அகப்படவில்லை. இங்கே பார்த்தால் இந்த ஊர்ப் பிள்ளைகளும் எதையோ துரத்திக்கொண்டு கால்கரிக்கும் டொராண்டோவுக்கும் ஓடியிருக்கிறார்கள். மிச்சம் அவர்களைப் பெற்றவர்களும் நாலு நாய்களும்தான். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடப் பூட்டு தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினோம். இப்போது இல்லத்தில் பூண்டுச்சோறு இல்லையென்றால் கிழவர்கள் தட்டைத் தட்டிக் கலகம் செய்கிறார்கள். உருளைக்கிழங்கு விவசாயிகள் என்னைக் கண்டால் அடுத்த தெருவில் போகிறார்கள். தேவாலயத்தில் நம்மவர்கள் பாட ஆரம்பித்தால் கூரைப் பனி தானாகவே சரிகிறது. பனித்தரையில் கல்லைத் தள்ளி, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டத்துக்கு நாலாவது ஆள் நான். நான் ஒரு வாரம் நகர்ந்தால் கனடா கவிழ்ந்துவிடும்.

அப்படியிருக்க, கல்யாணச் செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மர்வின் மண்வெட்டியோடு வந்து நின்றார். "அண்ணே, அங்க பனியே கிடையாது"ன்னேன். "இப்ப இல்லடா. நாளைக்கு வந்தா அந்தப் புள்ள என்ன செய்யும்? கையாலயா வாரும்?"னு பெட்டிக்குள்ள சொருகிட்டார். அடுத்து ஓல்காம்மா. எண்பது வயசு, இல்லத்துல ரெண்டாவது அறை. தானே பின்னின ஏழு தொப்பி.

"ஓல்காம்மா, எங்க ஊர்ல தலையில முட்டை வச்சாலே வெந்துடும். இதைக் கால்கரியில உங்க பையனுக்கு அனுப்பலாமே?"

"அவன் வீட்டுல எங்கடா குளிரு? கார் நிக்கிற இடத்துக்கே ஹீட்டர் போட்டிருக்கான்." தொப்பிகளைத் தடவித் தடவி அடுக்கினாள். "பின்னினா அனுப்ப ஒரு விலாசம் வேணுமில்ல, அதான்." அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "கல்யாணத்துக்குப் போனா திரும்பி வருவியா?"

"ஒரு வாரம்தான், ஓல்காம்மா."

"என் பையனும் அதைத்தான் சொன்னான்."

நான் போகப்போறதில்லன்னு சொல்லிட்டேன். அவள் உடனே ரெண்டு தட்டு பூண்டுச்சோறு சாப்பிட்டாள். நான் அடுப்படிக்குப் போய், நீ வெள்ளை உடுப்பில் எப்படி இருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். பல் விழுந்த முகம்தான் வருகிறது மகளே. அதற்குப் பிறகு உன்னை நேரில் பார்த்தவனா நான்?

ஆகவே உன் சித்தப்பாவின் கையைப் பிடித்து நட. மெதுவாக நட. நூறு பிள்ளைகளும் ஆயிரம் மாமரங்களும் பெற்று வாழ்க. அக்காவின் காலுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் எச்சரிக்கை.

உன் மாமா,
நெஸ்தோர்

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் ரத்து. நான் போகாததற்குக் காரணம் தான்தான் என்று ஓல்காம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மர்வினைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள். "பொண்ணைத் தனியா நடக்கவிட்டுட்டு எனக்குச் சோறு ஆக்குறியா, வெக்கமாயில்ல? உருளைக்கிழங்கு தின்னு நாங்க செத்துட மாட்டோம்!" ஊரே சேர்ந்து டிக்கெட் எடுத்திருக்கிறது. திரும்பி வருகிற தேதியை ஓல்காம்மா சிவப்பு மையால் காகிதம் கிழிகிற அளவுக்கு வட்டம் போட்டிருக்கிறாள். என் கல் தள்ளுகிற ஆட்டச் செருப்பையும் பிணையாக வாங்கித் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். கடிதம் வீணாகக் கூடாதே என்று கையிலேயே கொண்டுவருகிறேன். படித்து முடித்தாயா? இப்போது தலையை நிமிர்த்து. உன் எதிரே, அட்டைப்பெட்டியின் மேல், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வியர்த்து வழிகிறானே ஒருவன், அவன் கன்னத்தில் வழிவது முழுக்க வியர்வைதான் என்று அக்காவிடம் சொல்லிவிடு.