பெண் பார்க்க வந்த ஐந்து வெள்ளைக்காரர்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் எந்த வீட்டுக்கும் வெளியாளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அது சொந்த வீடாக இருந்தால் கூடவே கூடாது. இந்த ஞானம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. ஐந்து வெள்ளைக்காரர்களோடு கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் படியேறிய நாளில் வந்தது.

அப்போது நான் பொத்தேரியில், ஒரு ஜூஸ் கடையின் மாடியில் இருந்த கல்விச் சுற்றுலா நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். (ஒருங்கிணைப்பாளர் என்றால் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவர் என்று அர்த்தம்.) எங்களுடையது எளியவர்களுக்கான சுற்றுலா. நட்சத்திர ஓட்டல் கிடையாது, ஏசி வண்டி கிடையாது. ஐந்தாறு பேர், அரசுப் பேருந்து, மின்சார ரயில், மெஸ் சாப்பாடு, அவ்வளவுதான். காலையில் மாமல்லபுரத்துச் சிற்பங்கள், பிற்பகலில் ஒரு சாதாரணக் குடும்பத்தோடு ஒரு சாதாரணப் பொழுது. முதல் நாள் அறிமுக வகுப்பை நான்தான் எடுப்பேன். "எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கேள்வி கேட்டால் எங்கள் மக்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று கைகளை விரித்து முழங்குவேன். எங்கள் மக்களில் ஒருவரையாவது கேட்டுவிட்டுச் சொன்னேனா என்றால் இல்லை.

அந்தக் குழு நெதர்லாந்திலிருந்து வந்தது. இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு நர்ஸ், எந்த வாசலில் நுழைந்தாலும் நெற்றியில் இடித்துக்கொள்ளும் ஓர் உயரமான மனிதர், அப்புறம் மார்லீன். மார்லீன் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். சந்தேகம் வந்தால் கையைத் தூக்குவார். நான் கவனிக்கிறவரை இறக்க மாட்டார். கடற்கரைக் கோயிலில் அவர் தூக்கிய கையைப் பார்த்துவிட்டு ஒரு கிளிஞ்சல் மாலை வியாபாரி தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடியே வந்துவிட்டார்.

அன்றைக்கு நாங்கள் போக வேண்டிய சாதாரணக் குடும்பம் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் இருந்தது. போய்ப் பார்த்தால் வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. குழந்தைக்கு அம்மை. அந்த வீட்டம்மா ஜன்னல் வழியாகவே, "உள்ள வந்துடாதீங்க தம்பி" என்று கையாட்டி அனுப்பிவிட்டார். சாலையில் நின்றபடி ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உயிரோடு இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காட்டாமல் திருப்பி அனுப்பினால் முதலாளி என்னையும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்போதுதான், எனக்கும் ஒரு குடும்பம் இருப்பது ஞாபகம் வந்தது.

அங்கே ஒரு சின்னச் சிக்கல். அன்று சாயங்காலம் என் தங்கை பவித்ராவைப் பெண் பார்க்க மதுராந்தகம் பக்கத்திலிருந்து வருகிறார்கள். ஆனால் ராகு காலம் முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள் என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். மூன்று மணிக்கு உள்ளே போய், ஒரு காபி குடித்து, நாலரைக்குள் ரயிலேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். (பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் எடுத்த மதிப்பெண்ணை அப்பா இன்னும் மறக்கவில்லை.)

பவித்ராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே ஆண்களும் பெண்களுமாக ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. கல்யாணம் வேண்டாம் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. வேலையை விட மாட்டேன், அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்றுதான் சொன்னாள். அம்மாவோ, "அதெல்லாம் தாலி கட்டனப்புறம் பேசிக்கலாம். அவங்க எதிர்ல நீ வாயத் தொறந்த, அப்புறம் இருக்கு ஒனக்கு" என்று உத்தரவு போட்டிருந்தாள்.

படியேறினோம். உயரமானவர் வழக்கம்போல் நெற்றியில் இடித்துக்கொண்டார். வெளியே வந்த அம்மா, ஐந்து பேரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"நம்ம கலாச்சாரத்தைப் பாக்க வந்திருக்காங்கம்மா."

"அத்த இன்னிக்கிதான் பாக்கணுமா? எத்தினி தபா போன் போட்டேன்! ஆறு மணிக்கே அஷ்டமி பொறந்துடுதாம். அதனால ராகு காலத்துக்கு முந்தியே வந்துடறோம்னு சொல்லிட்டாங்க. பரனூர் தாண்டி வந்துகினு கீறாங்கடா!"

போன் சைலன்ட்டில் இருந்தது. பண்பாட்டைக் கற்கும்போது போன் சத்தம் போடக் கூடாது என்று வகுப்பில் சொன்னவனே நான்தானே.

வந்தவர்களை வெளியே நிற்க வைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. நாற்காலி இரவல் வாங்க அப்பாவைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டி, உட்கார வைத்தாள். உட்கார்ந்தவர்களை வெறும் வாயோடு விட முடியுமா என்று பஜ்ஜியும் வைத்தாள். நான் வகுப்பில், தட்டில் மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு என்று சொல்லியிருந்தேன். அவர்கள் காலி செய்யச் செய்ய, காலித் தட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா வைத்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கென்று போட்ட பஜ்ஜி முழுக்க நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. சரியாக அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளை தினேஷ், அவருடைய அப்பா, அம்மா, அத்தை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கெடுபிடியான மீசை. அத்தை உள்ளே வந்ததும் வராததுமாக, "இவுங்கள்ளாம் யாரு?" என்றார்.

"எங்கூட வேலை செய்யறவங்க" என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் காது சிவக்கும். அன்றைக்கு எரிந்தது.

குழுவிடம் மெல்லிய குரலில், "இது ரொம்ப முக்கியமான சடங்கு. பேசாமல் பார்க்க வேண்டும்" என்றேன். ஐந்து பேரும் பரவசமாகத் தலையாட்டினார்கள். பவித்ரா பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்தாள். முதலில் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பிறகு நெதர்லாந்துக்கும் கொடுத்தாள். மார்லீன் கையைத் தூக்கினார்.

நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கை இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நால்வரும் அந்தக் கையையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல், "சொல்லுங்க மார்லீன்" என்றேன்.

காபியை ஏன் அந்தப் பெண் மட்டும் எடுத்து வருகிறாள், அந்தப் பையனுக்குச் சமைக்கத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் அத்தை.

"காபி ரொம்ப நல்லாருக்காம்" என்றேன்.

"அண்ணா, அவங்க அதைக் கேக்கல" என்றாள் பவித்ரா. தரையைப் பார்த்தபடி, வார்த்தை பிசகாமல், கேள்வியை முழுசாகத் தமிழில் சொன்னாள். அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே அவளை அடக்கப் பார்த்தாள்.

தினேஷ் கொஞ்சம் நெளிந்தார். பிறகு, "எலுமிச்ச சாதம், முட்டைக் குழம்பு செய்வேன். பூனாவுல ரூம்ல இருந்தப்ப நான்தான் சமைப்பேன்" என்றார்.

அவருடைய அம்மா சடாரென்று திரும்பினார். "முட்டைக் கொழம்பா? எனக்கு ஒரு நாளு ஒரு டம்ளர் காபி போட்டுக் குடுத்திருக்கியாடா நீ?"

"நீ கேட்டதே இல்லியேம்மா."

"கேட்டாத்தான் குடுப்பியா? ஒங்கப்பன மாதிரியே வந்து பொறந்திருக்க!"

"இப்ப என்ன எதுக்கு இயுக்கற?" என்றார் மீசை.

நர்ஸ் ரசித்துத் தலையாட்டினார். நான் பூமி பிளக்காதா என்று பார்த்தேன். எங்கள் வீட்டு மொசைக் தரை நல்ல உறுதி.

மறுபடியும் மார்லீன் கை உயர்ந்தது. இந்த முறை மேலே சுவரைக் காட்டி, அந்தப் பல்லி கடிக்குமா என்று கேட்டார். பரவாயில்லை, இதை மொழிபெயர்க்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பவித்ரா முந்திக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு வேலைக்குப் போலாமான்னு கேக்கறாங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் காபித் தட்டைப் பார்த்தாள். பிறகு காலி டம்ளர்களை எடுத்து அதில் அடுக்கத் தொடங்கினாள். தொழிற்சாலையில் அவ்வளவு பேரை மேய்க்கிறவள். அப்படியிருந்தும் இதைக் கேட்க அவளுக்கு ஒரு வெள்ளைக்காரம்மா தேவைப்பட்டிருக்கிறார். அண்ணன் என்று ஒருத்தன் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான்.

"அதெல்லாம் தேவையில்லன்னு சொல்லு. எங்க வூட்டு மருமவ சம்பாரிச்சித்தான் அடுப்பு எரியணும்னு இல்ல" என்றார் மீசை.

தினேஷ் சுவரில் இருந்த பல்லியை ஒரு தடவை பார்த்தார், பவித்ராவை ஒரு தடவை பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டு உடையப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பா, அவங்க என்னைத்தான் கேட்டாங்க" என்ற குரல் கேட்டது. "போலாம்னு சொல்லுங்க. தாராளமா போலாம்."

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீசை எழுந்தார். கூடவே எல்லாரும் எழுந்தார்கள். போகிற போக்கில் மார்லீன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் நடிப்புத்தான் எல்லாரையும்விட இயல்பாக இருந்தது என்று பாராட்டினார். அவர்கள் ஐந்து பேரும் அதை நாங்கள் ஏற்பாடு செய்த நாடகம் என்றே நம்பியிருந்தார்கள்! கார் கிளம்பியதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியேடா" என்றாள். பவித்ரா மட்டும் ஆறிப்போன கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலாளிக்கு ஒரே பூரிப்பு. "இனி எல்லா பேட்சுக்கும் இதையே போட்டுடுப்பா" என்றார். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் தினேஷிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், மார்லீன் ஆன்ட்டி கூப்ட்டிருந்தாங்க. பவித்ராவுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு கேக்கறாங்க."

"அவங்க ஊருக்குப் போய்ட்டாங்களே! உங்க நம்பர் அவங்களுக்கு எப்படி?" என்றேன். (என் புத்தியின் வேகத்துக்கு இந்த ஒன்று போதும்.)

பவித்ரா போனைப் பிடுங்கினாள். "பல்லி கடிக்காதுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மீசை இறங்கிவரச் சில மாதங்கள் ஆயின. அந்த வீட்டில் காபியே போட மாட்டேன் என்று அவர் மனைவி அடம்பிடித்ததாகக் கேள்வி. எப்படியோ கல்யாணம் நடந்தது. இன்றைக்கு இரண்டு வீட்டிலும் நேராகக் கேட்க முடியாத எதையும் மார்லீன் பெயரில்தான் கேட்கிறோம். "மார்லீன் கேக்கறாங்க, சாம்பார்ல உப்பு போட்டாங்களான்னு" என்பார் அப்பா. "மார்லீன் கேக்கறாங்க, எப்படா ஒனக்குக் கல்யாணம்னு" என்பாள் அம்மா.

மீசை மட்டும் இந்த விளையாட்டில் சேர்ந்ததே இல்லை. யாராவது அந்தப் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார். போன மாதம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பவித்ரா இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், தொண்டையைச் செருமினார்.

"அந்த வெள்ளக்காரம்மா கேக்குது. ராத்திரி கம்பெனி பஸ்ஸு எறக்கி வுட்ற எடத்துல லைட்டு எரிய மாட்டேங்குதாமே, நான் வண்டிய எடுத்தாந்து நிக்கட்டுமான்னு."